மனையகத்துத் தொங்குகொடிகள்

முல்லைக்குத் தேர் ஈந்த பாரியின் செய்தியை அறியாத தமிழ் மாணவர் இலர். அவ்வள்ளலின் கொடையை நாம் வியந்து பாராட்டுகின்றோம். ஆயினும், தேரை ஈதற்கு முன்னர் அவன் செய்த செயல் ஒன்று உண்டு. வழிச்செல்வோர் நோக்காது கடக்கத்தக்கதோர் எளிய கொடியின் தளர்ச்சியை அவன் நின்று நோக்கினான். தேர் ஈதல் மன்னர்க்கே இயல்வது. நின்று நோக்குதலோ யாவர்க்கும் இயல்வது. சிறிய மனையையும் விடுதியறையையும் கொடிகளால் அழகுசெய்ய விரும்புவார்க்குப் பொருளினும் உழைப்பினும் இந்நோக்கமே பெரிதும் வேண்டுவது என்பதை இக்கட்டுரையாற் கூறப் புகுகின்றேன்.

தோட்டம் அமைக்க நிலம் வேண்டும். தொங்குகொடிக்கு ஓர் ஆணியும் ஒரு சாண் கலமும் போதும். ஆதரவற்றாரைக் கொழுகொம்பில்லாக் கொடியோடு ஒப்பிடுதல் நம்மவர் வழக்கு. ஆனால், உயரத்தினின்று தாழ்ந்து தொங்கும் கொடிக்குக் கொழுகொம்பின்மையே அழகாகின்றது.

இத்தகைய கொடிகளுள் எளிதில் வளர்வன நான்கினை ஈண்டுக் குறிப்பாம். முதலாவது, மக்கள் ‘மணி பிளாண்ட்’ என வழங்குவது. இதன் தாயகம் பசிபிக் பெருங்கடலிலுள்ள மூரியாத் தீவு. மரத்தைப் பற்றி ஏறுங்கால் இதன் இலை முழ நீளத்தினும் மிகப் பெருக்கும். தொங்கவிட்டாற் கையளவில் நின்று வீட்டுக்கு இசைந்து நிற்கும். இரண்டாவது, ஆப்பிரிக்க நாட்டுச் சிலந்திச்செடி. இது நீண்ட தண்டுகளை நீட்டி, அவற்றின் நுனிதோறும் சிறு செடிகளை ஈன்று தொங்கவிடும். மூன்றாவது, மெக்சிகோ முதலிய நாடுகளிலிருந்து வந்த டிரடெஸ்கான்சியா. இதன் இலை மேலே வெள்ளிக் கோடும் கீழே ஊதா நிறமும் உடையது. ஒளி குறையின் அந்நிறம் மங்கும். நான்காவது, மெழுகாற் செய்தன போன்ற பூங்கொத்துகளையுடைய ஹோயா. இவ்வினத்துட் சில நம் மேற்குத்தொடர்ச்சி மலைக்காடுகளிலும் உள. ராபர்ட் பிரௌன் என்னும் தாவரநூற் புலவர் 1810-இல், தாமஸ் ஹாய் என்னும் தோட்டக்காரரின் பெயரையே இதற்குச் சூட்டினார். கோமான் ஒருவரது தோட்டத்தில் உழைத்தவரின் பெயர் இன்றும் கொடியிலே வாழ்கின்றது. இதன் பூக்காம்பினை வாடியபின்னும் கொய்தல் ஆகாது. அக்காம்பிலேயே அது மீண்டும் பூக்கும்.

இனி வளர்க்கும் முறை. பகலில் விளக்கின்றி நூல் படிக்கத்தக்க ஒளியுள்ள இடமே இவற்றுக்கு ஏற்றது. உச்சிவெயில் இலையைக் கருக்கும். நீர் வார்த்தலிலேதான் பெரும்பாலோர் தவறுகின்றனர். யானும் தவறினேன். விடுதியறைச் சாளரத்தில் வைத்த என் முதற் கொடிக்கு நாடோறும் காலையிலும் மாலையிலும் நீர் வார்த்தேன். இலை பழுத்தது; நீர் போதவில்லையென எண்ணி மேலும் வார்த்தேன். கொடி துவண்டது, பின்னும் வார்த்தேன். இறுதியிற் பிடுங்கிப் பார்த்தபோது வேர் முழுதும் கறுத்து அழுகியிருந்தது. வேருக்கு நீரேயன்றிக் காற்றும் வேண்டும். மண்ணின் இடைவெளிகளை நீர் நிறைத்துவிடின் வேர் மூச்சற்று மாளும். அழுகிய வேர் நீரை உறிஞ்சாமையின், நீர் மிகுந்த கொடியும் நீரற்ற கொடிபோலவே வாடித் தோன்றும். அன்பு மட்டும் எனக்கு இருந்தது, நோக்கம் இல்லை. விரலை இரண்டு கணு ஆழம் மண்ணிற் செலுத்திப் பார்த்து, உலர்ந்திருப்பின் மட்டும், அடித்துளை வழியே வடியுமளவு வார்த்தலே முறை. துளையில்லாக் கலம் ஆகாது.

கொடி நீண்டு அடிப்பகுதி வெறுமையாயின், நுனிகளைக் கணுவுக்குச் சற்றுக் கீழே நறுக்கி நீரில் இடுக. வேர்விட்டபின் அவற்றை அக்கலத்திலேயே நட்டால் கொடி அடர்ந்து பொலியும்.

அழகுசெய்தற்கு விலையுயர்ந்த தொட்டிகள் வேண்டா. நம் பாட்டியர் பாலும் தயிரும் தொங்கவிட்ட உறி இன்று பல வீடுகளில் வெறிதே கிடக்கின்றது. அதனினும் சிறந்த தாங்கி வேறில்லை. துளையிட்ட கொட்டாங்கச்சியும் சிறு கொடிக்குப் போதும். நூலடுக்கின் மேல்தட்டும் சாளரத்தின் ஓரமும் தக்க இடங்கள். நனைந்த மண் மிகக் கனக்கும். ஆதலின் ஆணியின் உறுதியை முதலில் ஆராய்க.

சில எச்சரிக்கைகளும் உள. மணி பிளாண்டின் சாற்றிலுள்ள ஊசி போன்ற படிகங்கள், மென்றார் வாயை எரித்து வீங்கச் செய்யும்; குழந்தைக்கும் பூனைக்கும் எட்டாத உயரத்தில் அதனைத் தொங்கவிடுக. நீர்க்குப்பியில் வளர்ப்போர் வாரந்தோறும் குப்பியைக் கழுவி நீரை மாற்றாவிடின் கொசுவையும் உடன் வளர்ப்பவராவர். நறுக்கியவற்றைத் தோப்பிலோ காட்டிலோ எறிதல் கூடாது. கண்டிமாநகரின்கண் உள்ள உடவத்தகலைக் காட்டில் இக்கொடி பரவி நாட்டுச் செடிகளை நெருக்கி நிற்கின்றது. இக்கொடிகள் அறைக்காற்றைத் தூய்மை செய்யும் என்பாரும் உளர். 1989-இல் நாசா வெளியிட்ட ஆய்வு மூடிய சிறு பெட்டிகளிற் செய்யப்பட்டது. காற்று வந்து போகும் வீட்டில் சில செடிகளால் அப்பயன் விளையாது. களவாடி நட்டாற்றான் இக்கொடி செல்வம் தரும் என்னும் நம்பிக்கையைப் பற்றி யான் கூறவேண்டுவது யாது? எட்டாங் கட்டளையை மீறாமலும் கொடி நன்கு வளரும். கேட்டால் ஒரு துண்டு கொடாத அயலாரும் அரியர்.

தீர்க்கதரிசியாகிய யோனா, தான் நடாததும் வளர்க்காததுமாகிய ஆமணக்கின் நிழலில் மகிழ்ந்திருந்து, அது பட்டபோது வருந்தினான். நட்டுப் பேணியோர் வருத்தம் அதனினும் பெரிது. அவ்வருத்தத்தாற் கற்பதும் பெரிது. இப்போது என் சாளரத்தில் இரண்டாம் கொடி தொங்குகின்றது. நாடோறும் அதனை நோக்குகின்றேன். நீர் வார்ப்பதோ வாரம் ஒருமுறையோ இருமுறையோதான். வாய்விட்டுக் கேளாத உயிருக்கு வேண்டுவது யாதென நின்று நோக்கி அறியும் பழக்கம் நம் அறையின் ஒரு மூலையில் தொடங்குமாயின், அறைத்தோழர்மாட்டும் அயலார்மாட்டும் அது படர்தல் திண்ணம்.