காரம் - ஒரு சொல்லும் அதன் பொருள்களும்

மிளகாய் காரம் என்கிறோம். எரிசோடாவும் காரம் என்கிறோம். ஆதலால் மிளகாய்ச் சாறு சிவப்பு லிட்மஸை நீலமாக்கும் என்று மாணவர் கருதுவது இயல்பே. ஆனால் அது அவ்வாறு ஆக்குவதில்லை. மிளகாயின் எரிவுக்குக் காப்சைசின் என்னும் பொருள் காரணம்; அது நாவின் நரம்புகளைத் தூண்டுகிறது. ரசாயனத்தில் காரம் என்பது அமிலத்துடன் கூடி உப்பும் நீரும் தரும் பொருளாகும்.

இச்சொல் 'க்ஷார' என்னும் வடமொழிச் சொல்லின் வழியாக வந்தது. தாவரச் சாம்பலிலிருந்து வடித்த, தோலை அரிக்கும் பொருளை அது குறித்தது. மூலநோய் மருத்துவத்தில் பயன்படும் காரநூல் இப்பொருளை இன்றும் காட்டுகிறது. அரபு மொழியிலும் 'அல்கலி' என்பது தாவரச் சாம்பலே. பொட்டாசியத்தின் குறியீடு 'கே' ஆனதும் அச்சொல்லாலேயே.

பெயரை மட்டும் நம்பலாகாது. வெங்காரத்தின் கரைசல் காரத்தன்மை உடையது. படிகாரத்தின் கரைசலோ அமிலத்தன்மை உடையது.

இவ்வேறுபாடு வகுப்பறையோடு நிற்பதன்று. 2004 டிசம்பர் 26-இல் எழுந்த ஆழிப்பேரலையால் அந்தமான் நிக்கோபார் தீவுகளின் வயல்களில் கடல்நீர் புகுந்தது. தெற்கு அந்தமானில் நிலமே தாழ்ந்தமையால் சிப்பிகாட் போன்ற இடங்களில் வயல்கள் நீரில் மூழ்கின. இத்தகைய மண் உப்புக் கரிக்கும். அதனைக் 'காரமண்' என்று குறிப்பேட்டில் எழுதினால் பரிகாரம் தவறிவிடும்.

உவர்மண்ணில் கரையும் உப்பு மிகுதி. வடிகால் அமைத்து நன்னீரால் கழுவுதலே அதற்கு வழி. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெறும் இத்தீவுகளில் மழையே பெருந்துணை. களர்மண்ணில் களியோடு ஒட்டிய சோடியம் மிகுதி, அதன் பி.எச். எண் 8.5-க்கு மேற்படும். அதற்கு ஜிப்சம் இட வேண்டும்; ஜிப்சத்திலுள்ள கால்சியம் சோடியத்தை விலக்கும்.

மூன்றாவது வகையும் உண்டு. அலையாத்திக் காட்டுச் சேற்றில் இரும்பு சல்பைடு உள்ளது. சேறு வடிந்து காற்றுப் பட்டால் அது கந்தக அமிலமாக மாறும். அம்மண் உப்பாகவும் புளிப்பாகவும் ஒருங்கே இருக்கக்கூடும். அதற்கு வேண்டுவது சுண்ணாம்பு.

ஆகவே, களப்பணியாளர் நாவின் சுவையையோ ஊர்வழக்கையோ கொண்டு முடிவு செய்யலாகாது. பி.எச். எண்ணையும் மின்கடத்துதிறனையும் தனித்தனியே அளந்து குறிக்க வேண்டும். ஆசிரியரும் மிளகாய்ச் சாறு, சாம்பல் நீர், படிகார நீர், கடல்நீர் ஆகிய நான்கையும் லிட்மஸ் தாளால் சோதித்துக் காட்டினால் சொல்லின் மயக்கம் நீங்கும்.