பெரியவர்கள் மெச்ச என்ன செய்யணும்? – பனியன் கம்பெனி கேள்வி பதில்

எம்.பி.ஏ. முடித்து அப்பாவின் கம்பெனிக்கு வந்திருக்கிறேன். கணக்கு முழுவதையும் கம்ப்யூட்டருக்கு மாற்றினேன். கட்டிங்கில் துணி வீணாவதைக் கண்டுபிடித்துச் சொன்னேன். ஆனாலும் அப்பா, பெரியப்பா, கட்டிங் மாஸ்டர் மூவருமே என் பேச்சைக் காதில் வாங்குவதில்லை. நான் கேட்கிற கேள்விக்கு மாஸ்டர் அப்பாவிடம் போய்ப் பதில் சொல்கிறார். என்ன செய்தால் மதிப்பார்கள்?
*– வாசகர், ராயபுரம்*

தம்பி, உங்கள் கடிதத்தில் சாப்ட்வேர் பற்றி நிறைய இருக்கிறது. துணியைத் தொட்டதாக ஒரு வரிகூட இல்லை.

நீங்கள் 'வேஸ்ட்' என்று கணக்கெழுதிய துணி எங்கே போகிறது என்று மாஸ்டரிடம் கேட்டீர்களா? டேபிளுக்கு அடியில் குனிந்து பாருங்கள். ரோல் நம்பர் எழுதி, கட்டுக் கட்டாக வைத்திருப்பார். தைக்கிறபோது ஒரு கைப்பகுதியில் ஓட்டை விழுந்தால், எண்ணெய்க் கறை பட்டால், மாற்றுக் கை வெட்ட அதே ரோல் துணிதான் வேண்டும். ஒன்றாகச் சாயம் போட்ட துணியிலேயே ரோலுக்கு ரோல் ஷேடு மாறும். வேறு ரோலில் வெட்டிய கையை உடம்போடு சேர்த்துத் தைத்தால் பையர் ஆள் தூரத்தில் நின்றே கண்டுபிடித்துவிடுவார். உங்கள் கணக்கில் நஷ்டமாக நிற்கும் அந்தக் கட்டுதான் கடைசி நாளில் ஷிப்மென்ட்டைக் காப்பாற்றுகிறது. இது தெரியாமல் நாலு பேர் முன்னால் போய் 'துணி வீணாகுது' என்றால் அவர் எப்படி உங்கள் முகம் பார்த்துப் பேசுவார்?

இன்னொன்றும் பாருங்கள். துணியை அழுத்திச் சீராக்கும் காம்பேக்டிங்கில் இருந்து வந்த ரோலை அவர் உடனே வெட்டமாட்டார். பிரித்துத் தளரப் போட்டுவிட்டு மறுநாள்தான் கத்தி வைப்பார். ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் தலையால் தண்ணீர் குடித்தாலும் அசையமாட்டார். சிங்கிள் ஜெர்சி ஓரம் சுருண்டு சுருண்டு வரும். அதை உள்ளங்கையால் நீவி, கொஞ்சமும் இழுக்காமல், ஒன்றன்மேல் ஒன்றாக விரித்துக்கொண்டே போவார். இழுத்து விரித்தால் வெட்டியதும் துணி தன் அளவுக்குத் திரும்பிவிடும். மீடியம் என்று வெட்டியது ஸ்மாலாகிவிடும். அந்தக் கை அழுத்தத்தை எந்தக் கல்லூரியும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. சின்ன வயசில் கைமடியாக (உதவியாளாக) வந்து, மாஸ்டர்களிடம் திட்டு வாங்கி, நின்று கற்றது. உங்கள் அப்பாவும் பெரியப்பாவும் அதே டேபிளில் நின்றவர்களாகத்தான் இருப்பார்கள். அவர்கள் ஒரு ஆளை எடை போடுவது, கண்டெய்னர் ஏற்றுகிற ராத்திரியில் யார் கடைசிவரை நின்றார்கள் என்பதை வைத்து.

அதனால் ஆபீஸ் ரூமை ஒரு சீசனுக்குப் பூட்டுங்கள். காலையில் ஷிப்ட் தொடங்கும் முன்பே கட்டிங்கில் இருங்கள். 'மாஸ்டர், எனக்கும் துணி விரிக்கச் சொல்லிக் கொடுங்க' என்று கேளுங்கள். முதலில் நம்பர் ஒட்டவும் கட்டுக் கட்டவும்தான் விடுவார். அதைச் சலிக்காமல் செய்யுங்கள். பிறகு செக்கிங்கில் உட்காருங்கள், அதற்கடுத்து பேக்கிங். சனிக்கிழமை சம்பளப் பட்டுவாடாவை நீங்களே ஏற்று, ஒவ்வொருவர் பெயரையும் சொல்லிக் கொடுங்கள். இதையெல்லாம் செய்வதாக அப்பாவிடம் சொல்ல வேண்டாம். கம்பெனியில் நடப்பது அன்று சாயங்காலமே அவர் காதுக்குப் போய்விடும்.

சாப்ட்வேரைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. மாற்றுத் துணிக்கென்று அதில் தனியாக ஒரு கலம் போடுங்கள். அதில் என்ன எழுதணும் என்று மாஸ்டரே உங்களுக்குச் சொல்கிற நாள் வரும். அன்றைக்கு அவர் உங்களிடம் நேராகப் பேசுவார்.

தினமும் காலையில் அப்பா, தாத்தா காலில் விழுந்து ஆசி வாங்கினால் அவர்களுக்கு நம்மேல் மதிப்பு வருமா?
*– வாசகர், கொங்கு நகர்*

பாசம் வரும். மதிப்பு வர, நேரத்துக்கு வேலைக்கு வாருங்கள்.

தேனியிலிருந்து வந்து ஓவர்லாக் தைக்கிறேன். எங்கள் சூப்பர்வைசர் வயதில் பெரியவர், தொழிலில் கெட்டிக்காரர், எனக்கும் அவர் மேல் மரியாதை உண்டு. ஆனால் அடிக்கடி ஞாயிற்றுக்கிழமையும் வரச் சொல்கிறார். கூலி கேட்டால், 'நாங்கெல்லாம் இப்படி உழைச்சுத்தான் மேல வந்தோம், காசு காசுன்னா பெரியவங்க எப்படி மதிப்பாங்க' என்கிறார். மறுத்தால் மரியாதைக் குறைவாகிவிடுமா?
*– வாசகர், அனுப்பர்பாளையம்*

ஆகாது. ஒரு துளியும் ஆகாது. எனக்குக் கோபம் வருகிற இடம் இதுதான்.

உழைப்பு வேறு, ஓசி வேலை வேறு. கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். அதைக் கேட்பவனை மரியாதை தெரியாதவன் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. 'நாங்கெல்லாம் இப்படித்தான் வந்தோம்' என்கிறவர்களின் தலைமுறைதான் 1984இல் பஞ்சப்படி கேட்டு இந்தத் திருப்பூரில் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தது. அடுப்பெரியாத வீடுகளில் இருந்து வந்து கேட்டில் நின்றவர்கள் அவர்கள். அவர்களுக்கு ராப்பகலாக உழைக்கவும் தெரிந்தது, அந்த உழைப்புக்கு விலை கேட்கவும் தெரிந்தது. முதலாவதை மட்டும் உங்களுக்குச் சொல்லித் தருவது நியாயமில்லை.

அவரிடம் தனியாக, பணிவாக, தெளிவாகச் சொல்லுங்கள்: 'அண்ணா, அவசர ஆர்டர்னா ஞாயித்துக்கிழமை கண்டிப்பா வர்றேன், ஓ.டி. போட்டுருங்க.' உங்கள் தையலில் குறை இல்லாமல் இருக்கட்டும். வந்த நேரம், போன நேரத்தை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அப்படியும் நடக்காவிட்டால் சங்கத்துக்குப் போங்கள்.

நான் வேலை செய்வதை வீடியோ எடுத்துச் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் போடலாமா? அப்போதாவது தெரியுமே.
*– வாசகர், பெருமாநல்லூர்*

வேண்டாம். ஓடுகிற மெஷின் பக்கத்தில் போன் பிடிப்பதே ஆபத்து. விரல் பத்திரம்.

என் அப்புச்சி (அம்மாவின் அப்பா) நொய்யல் ஆற்றங்கரையில் விவசாயம் பார்த்தவர். நான் சாயப்பட்டறையில் கெமிஸ்ட். 'தண்ணியக் கெடுத்த கூட்டம்' என்று என்னோடு சரியாகப் பேசுவதில்லை. மரம் நடும் அமைப்பில் சேர்ந்தால் மனம் மாறுமா?
*– வாசகர், மங்கலம்*

அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது என்பதை முதலில் ஒத்துக்கொள்ளுங்கள். நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டி 1992இல் முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக் கழிவு தேங்கும் குட்டையானது. அதற்குக் கீழே இருந்த தோட்டம் காடுகள் பாழாயின. உழவர்கள் நீதிமன்றப் படியேறி, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான், ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரிப்பது இங்கே கட்டாயமாக நடைமுறைக்கு வந்தது. இந்த வரலாற்றை அவரிடமே உட்கார்ந்து, குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

மரம் நடுங்கள். 'வனத்துக்குள் திருப்பூர்' 2015 முதல் நல்ல வேலை செய்துகொண்டிருக்கிறது. நடுகிற நாளில் போட்டோவுக்கு நிற்பதைவிட சித்திரை வெயிலில் தண்ணீர் ஊற்றப் போவது முக்கியம். ஆனால் உங்களிடம் அப்புச்சி பார்க்க விரும்புவது வேறு. உங்கள் பட்டறைச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அவரைக் கூட்டிப் போங்கள். உள்ளே போகும் தண்ணீரையும், எதிர்ச் சவ்வூடு பரவலில் வெளியே வரும் தண்ணீரையும், கடைசியில் மிஞ்சும் உப்பையும் கண்ணில் காட்டுங்கள். விதி மீறி ராத்திரியில் திறந்துவிடச் சொன்னால் மறுக்கிற கெமிஸ்டாக இருங்கள். அந்தச் சேவையை உங்களைப் போன்றவர்கள்தான் செய்ய முடியும்.

கல்யாணமாகி வந்ததிலிருந்து மாமனார் கம்பெனியில் கணக்கு, ஜி.எஸ்.டி., சம்பளம், பேக்கிங் எல்லாம் நான்தான் பார்க்கிறேன். மாமியார் என்னை மெச்சுவார். மாமனாரோ, வெளியாட்கள் வந்தால், 'மருமக வீட்ல சும்மாதான இருக்கா, கூடமாட ஒத்தாசை பண்ணுது' என்கிறார். இன்னும் எவ்வளவு உழைக்க வேண்டும்?
*– வாசகி, அவிநாசி*

போதும் அம்மணி. உழைத்தது போதும், இனி எழுத்தில் ஏற வேண்டும்.

சரத் சாரி என்கிற ஆய்வாளர் திருப்பூரைப் பற்றி எழுதிய 'ஃப்ரேட்டர்னல் கேப்பிடல்' 2004இல் வெளிவந்தது. காட்டு வேலையில் இருந்து வந்து முதலாளியான கவுண்டர்களிடம் எப்படி மேலே வந்தீர்கள் என்று கேட்டால், உழைப்புதான் என்று சொன்னதை அதில் பதிவு செய்திருக்கிறார். பெண்களின் உழைப்பு அப்படி முதலாக மாறவில்லை என்பதையும் அதே புத்தகம் காட்டுகிறது. ஆண் கடுமையாக உழைத்தால் ஒர்க்கிங் பார்ட்னர், பெண் உழைத்தால் ஒத்தாசை. இந்த ஊரில் எத்தனையோ கம்பெனிகளை இப்படிப்பட்ட 'ஒத்தாசை'தான் தூக்கி நிறுத்தியிருக்கிறது. உங்கள் மாமியாரைக் கேளுங்கள், அவர் கதையும் அதுவாகவே இருக்கும்.

மாமனார் நல்லவராகத்தான் தெரிகிறார். கெட்ட எண்ணம் இருந்தால் கணக்கை உங்கள் கையில் கொடுத்திருக்க மாட்டார். பழக்கம் அவரை அப்படிப் பேச வைக்கிறது. சண்டை வேண்டாம். மாமியாரைத் துணைக்கு வைத்துக்கொண்டு வீட்டில் பேச்சை எடுங்கள்: ஒன்று, மாதச் சம்பளம் உங்கள் வங்கிக் கணக்கில், இல்லையென்றால் பார்ட்னர்ஷிப் பத்திரத்தில் உங்கள் பெயர், செக்கில் உங்கள் கையெழுத்து. அடுத்த நிதியாண்டு தொடங்குமுன் ஆடிட்டரிடம் நேரம் வாங்குங்கள். மாமனாரையும் கூட்டிக்கொண்டு போங்கள், லெட்ஜரை நீங்களே எடுத்துப் போங்கள். எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று ஆடிட்டர் கேட்கும்போது பதில் சொல்லப்போவது நீங்கள்தானே.