லூபெக் மாநகரின் தொன்மைச் சின்னங்கள்

ஒரு நகரின் வரலாற்றை அறிய விழைவோர் ஏடுகளை மட்டுமன்றி அந்நகரின் கட்டடங்களையும் பயிலுதல் வேண்டும். அங்ஙனம் பயிலத்தக்க நகரங்களுள், ஜெர்மனி தேசத்தின் வடபால் டிராவே ஆற்றங்கரையில் அமைந்த லூபெக்கும் ஒன்றாகும். அதன் சின்னங்கள் சிலவற்றையும், அவை அழியாது நிலைபெற்ற வகையையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இந்நகரை 1143-ஆம் ஆண்டில் இரண்டாம் அடால்ப் என்னும் சிற்றரசர் நிறுவினார். 1159-இல் சிங்க ஹென்றி எனப்பட்ட கோமகன் புதுக்கி அமைத்தார். 1226-இல் பேரரசர் இரண்டாம் பிரெடரிக், தமக்கன்றிப் பிறர் எவர்க்கும் அடங்காத நகரம் என்னும் உரிமையை இதற்கு வழங்கினார். பின்னர், ஹான்சா என்னும் வணிக நகரங்களின் கூட்டத்திற்கு இது தலைமை பூண்டது. லூனெபர்க்கில் விளைந்த உப்பு இந்நகர் வழியே கப்பலேறிற்று. அவ்வுப்பைச் சேமித்த பண்டகசாலைகள் ஆறு இன்றும் ஆற்றோரத்தில் நிற்கின்றன.

செல்வம் பெருகிய வணிகர், ஆயரின் பேராலயத்தினும் தம் ஆலயம் உயர்ந்து விளங்க வேண்டுமென எண்ணிப் புனித மரியாள் தேவாலயத்தை எடுப்பித்தனர். அந்நாட்டில் கட்டடத்திற்கேற்ற மலைக்கல் அரிது. ஆகவே பிரான்சு தேசத்தார் கல்லால் இயற்றிய கோதிக் அமைப்பை இவர்கள் சுட்ட செங்கல்லால் இயற்றினர். அதன் உள் விதானம் 38 மீட்டருக்கு மேல் உயர்ந்தது; செங்கல் விதானங்களுள் இதனினும் உயர்ந்தது உலகில் இல்லை என்பர். பால்டிக் கடற்கரையிலுள்ள ஆலயங்கள் பலவற்றிற்கு இதுவே முன்மாதிரியாயிற்று. அவ்வணிகரே 1286-இல் ஏழைகளுக்கும் பிணியாளர்க்குமெனத் தூய ஆவி மருத்துவமனையையும் கட்டி முடித்தனர்.

மரியாள் ஆலயத்தில் ஆர்கன் இசைத்த புக்ஸ்டஹூட என்பாரின் இசையைக் கேட்க விழைந்து, 1705-இல் இருபதே வயதினரான செபஸ்தியான் பாக், ஆர்ன்ஷ்டாட் என்னும் ஊரினின்று ஏறக்குறைய 400 கிலோமீட்டர் நடந்தே வந்தார். நான்கு வார விடுமுறை பெற்றுப் புறப்பட்டவர் திரும்பியதோ ஏறக்குறைய நான்கு மாதங்கள் கழித்தே. மேலோர் சினந்தனர், ஆயினும் அவர் பெற்ற பயன் உலகறிந்தது.

நகரின் மேற்றிசையில் ஹோல்ஸ்டன் வாயில் உள்ளது. 1464 முதல் 1478 வரை கட்டப்பெற்ற இவ்வாயிலின் இரட்டைக் கோபுரங்கள், சதுப்பு நிலத்தில் தம் பாரத்தாலேயே அமிழ்ந்து சாய்ந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இது சிதைந்து, வீணான பாரமெனப் பலராலும் கருதப்பட்டது; இதனை இடித்துவிடுமாறு நகரத்தார் சிலர் விண்ணப்பமும் செய்தனர். 1863-இல் நகரமன்றம் கூடி வாக்கெடுத்தபோது, ஒரேயொரு வாக்கு மிகுதியால் வாயில் பிழைத்தது. அதன்பின் அதனைச் செப்பனிட்டு, 'உள்ளே ஒற்றுமை, வெளியே அமைதி' என்னும் பொருள்பட இலத்தீன் மொழியில் முகப்பிற் பொறித்தனர்.

அவ்வமைதி நிலைக்கவில்லை. 1942 மார்ச் 28-ஆம் நாள் இரவு, குருத்தோலை ஞாயிறு புலரும் முன்னர், ஆங்கிலேய விமானங்கள் பொழிந்த குண்டுகளால் பழைய நகரில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு அழிந்தது. மரியாள் ஆலயம் தீப்பற்றி எரிந்தது. பெர்ன்ட் நோட்கே தீட்டிய, சாவின் கூத்து எனப்படும் புகழ்பெற்ற ஓவியத்தின் பிற்காலப் படியும் மறைந்தது. தென் கோபுரத்து மணிகள் உருகியும் உடைந்தும் தரையில் வீழ்ந்தன.

போருக்குப் பின் மக்கள் ஆலயத்தை மீண்டும் எழுப்பினர். ஆயின் அம்மணிகளை உருக்கிப் புது மணிகள் வார்க்கவில்லை. வீழ்ந்த இடத்திலேயே கிடக்க விட்டனர். அவை இன்றும் அங்கேயே உள்ளன. 1940-இல் ஜெர்மானிய விமானங்களால் அழிந்த இங்கிலாந்தின் கவென்றிப் பேராலயத்தினின்று நல்லிணக்கத்தின் அடையாளமாக வந்த ஆணிச் சிலுவையும் இவ்வாலயத்தில் வைக்கப்பட்டுள்ளது. 1987-இல் இப்பழைய நகரம் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

இவற்றால் நாம் அறிவது யாது? தொன்மைச் சின்னங்கள் கட்டினோர் கைவன்மையால் மட்டும் நிற்பனவல்ல. பின்வந்தோர் ஒவ்வொரு தலைமுறையிலும் அவற்றைக் காக்கத் துணிவதாலேயே நிற்கின்றன. 1863-இல் அந்த ஒரு வாக்கை அளித்தவர் இன்னாரென யாரும் சுட்டவியலாது. வாயிலைக் காக்க வாக்களித்த ஒவ்வொருவரும் அவ்வொருவரே. அவர்தம் இடத்தில் இருந்திருப்பின் நாம் எப்பக்கம் கையுயர்த்தியிருப்போம் என்பதை மாணவராகிய நாம் எண்ணிப் பார்த்தல் நன்று.