மடியில் வைத்தால் போதாதா?

கேள்வி: ஐயா, என் மாமனார் 1966-ஆம் வருட இரண்டு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை இன்னும் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறார். பேத்திக்கு இப்போது பத்து மாதம், எட்டரை கிலோ இருக்கிறாள். வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு அவளை அந்த வண்டியில்தான் கூட்டிப்போவேன் என்கிறார். குழந்தை இருக்கை வாங்கினோம், ஆனால் மாட்ட வழியில்லை. பின்சீட்டில் பெல்ட்டே கிடையாது. "நாங்க எல்லாம் மடியில வச்சுத்தானே வளர்த்தோம்" என்கிறார். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, முசரவாக்கம்

பதில்: அம்மா, உங்கள் மாமனார் மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு ஆலையில் கட்டிய வண்டி அது. இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டுதான் மூலம். உருவம் வரைந்தவர் இத்தாலிக்காரர் மிச்செலோட்டி. இதே சேஸியைக் குட்டையாக்கித்தான் 1962-இல் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். அதனால் பழைய ஸ்போர்ட்ஸ் காரின் அழகும் உண்டு, அதன் வம்பும் உண்டு.

மடி விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி எதன் மீதாவது மோதி, பத்தில் ஒரு நொடியில் நின்றால், எட்டரை கிலோ குழந்தையைப் பிடிக்க ஏறக்குறைய 95 கிலோவைத் தாங்கும் பலம் வேண்டும். ஒன்றேகால் மூட்டை நெல். எந்தப் பாட்டியின் கையும் தாங்காது. மாமனாரிடம் இந்தக் கணக்கை மட்டும் சொல்லுங்கள், வாதாட வேண்டாம்.

நீங்கள் வாங்கிய இருக்கை ஐசோஃபிக்ஸ் கொக்கியில் மட்டும் மாட்டுவது என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அந்தக் கொக்கி பிடிக்க வேண்டிய இரும்புக் கம்பி உங்கள் வண்டியில் இல்லை. இடுப்பு பெல்ட் மட்டும் போட்டே பின்பக்கம் பார்த்து மாட்டலாம் என்று கையேட்டில் எழுதியிருக்கும் இருக்கையாகப் பாருங்கள். பதினைந்து மாதம் ஆகும்வரை முன்பக்கம் திருப்பவே வேண்டாம். குழந்தையின் தலை கனம், கழுத்து இளசு.

காற்றுப்பை இல்லாத வண்டி ஆயிற்றே, முன்சீட்டில் வைக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். காற்றுப்பையைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் பின்னால் ஏற வழிவிடுவதற்காக அந்த முன்சீட்டே கவிழ்கிற மாதிரி செய்தது. அதன் மேல் குழந்தையைக் கட்டுவது எனக்கு ஒப்பவில்லை. பின்சீட்டுதான் சரி.

இனி பெல்ட். பழைய வண்டிகளில் டிங்கர் வேலை செய்து பழகிய பட்டறைக்குப் போங்கள். முதலில் பாயை உரித்துவிட்டுத் தரைத்தகட்டை ஸ்க்ரூடிரைவரால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். முனை உள்ளே போனால் அந்த இடத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைக்காமல் மேலே ஒரு வேலையும் வேண்டாம். பெல்ட் போல்ட் 7/16 அங்குலம். சீட் பெல்ட்டுக்கென்றே வரும் கெட்டி ரகம், கடையில் கிடைக்கிற ஏதோ ஒன்று அல்ல. தரைக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்கு 3 மி.மீ. தகடு வைத்து இறுக்க வேண்டும். வெறும் வாஷர் வைத்தால் மோதலில் போல்ட் தகட்டைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். வெல்டிங் என்றால் பெட்ரோல் டேங்கைக் கழற்றிய பிறகுதான். ஹெரால்டில் அது டிக்கிக்குள், சீட்டுக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது.

குழந்தை வளர்ந்ததும் தோள் பெல்ட் கேட்கும். அப்போது கூரைத் தூணில் மாட்டாதீர்கள். ஹெரால்டின் கூரை தனித்துண்டு, போல்ட்டில் உட்கார்ந்திருப்பது.

இருக்கையை வைத்ததும் முழங்காலால் அழுத்திக்கொண்டே பெல்ட்டை இழுங்கள். ரெக்சின் மெத்தை வழுக்கும், ஸ்பிரிங்கும் அமுங்கும். இன்று இறுக்கமாகத் தெரிவது நாளைக்குத் தளர்ந்திருக்கும். பெல்ட் போகிற இடத்தில் பிடித்து ஆட்டினால் ஓர் அங்குலத்துக்கு மேல் நகரக் கூடாது. பாவு தளர்ந்தால் என்ன ஆகும் என்று தறி பார்த்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சட்டமும் இருக்கிறது. 2019 திருத்தத்தின்படி, பதினாலு வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றினால் 1000 ரூபாய் அபராதம். வண்டியை 'வின்டேஜ்' என்று வி.ஏ. எண்ணில் பதிந்திருந்தால் அன்றாடம் ஓட்டவும் அனுமதி இல்லை.

இவ்வளவும் செய்தபிறகு, ஊருக்குள் மெதுவாகக் கோயிலுக்குப் போய் வரலாம். பெங்களூரு நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே அறுபது வயதுக் காரில் குழந்தையை ஏற்றிப் போக நான் சம்மதிக்க மாட்டேன். அன்றைக்கு வேறு வண்டி.

இன்னொன்று. கோயிலுக்குப் போகும் அன்று பட்டுப்பாவாடை கட்டத்தான் போகிறீர்கள், எனக்குத் தெரியும். கால்களுக்கு நடுவே வர வேண்டிய வாரைப் பாவாடை தடுக்கும். தோள் வாரும் பட்டில் வழுக்கும். பருத்தி ஜட்டி, சட்டையோடு கூட்டிப்போய், பாவாடையைக் கோயில் வாசலில் கட்டுங்கள். வெயிலில் நின்ற வண்டி என்றால் கொக்கியைப் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுப் பூட்டுங்கள்.