கத்தரி, தக்காளி வாடுகிறதா? மடை திறக்கும் முன் வேரைப் பாருங்கள்

செடி தொய்ந்து நின்றால், தண்ணீர் போதவில்லை என்று எண்ணி உடனே மடையைத் திறந்துவிடுவது வழக்கம். பல நேரங்களில் அது சரியாகவும் இருக்கும். ஆனால் கத்தரி, தக்காளி, மிளகாய் ஆகிய பயிர்கள் வாடுவதற்குத் தண்ணீர்ப் பற்றாக்குறை மட்டுமே காரணம் அல்ல. ஈரம் மிகுந்தாலும் செடி வாடும். வேரில் நூற்புழு தாக்கினாலும் வாடும். தண்டினுள் பாக்டீரியா புகுந்தாலும் வாடும். இவற்றுள் சிலவற்றில் நாம் பாய்ச்சும் தண்ணீரே நோயை அடுத்த செடிக்குக் கொண்டு சேர்த்துவிடும். கால் ஏக்கர், அரை ஏக்கரில் காய்கறி பயிரிடும் சிறு விவசாயிக்கு இது பெரும் இழப்பு. பத்துச் செடிகள் வாடும்போதே காரணத்தைக் கண்டுகொண்டால் மற்றவற்றைக் காப்பாற்றிவிடலாம்.

வேர் உறிஞ்சும் நீர் தண்டிலுள்ள நுண்குழாய்கள் வழியே இலைக்குச் செல்கிறது. இலை அதை ஆவியாக வெளிவிடுகிறது. வரவு குறைந்து செலவு மிகும்போது இலை தொய்கிறது. ஆகவே தடை மண்ணிலா, வேரிலா, தண்டிலா என்பதை வரிசையாகப் பார்த்து அறிய வேண்டும்.

காலையில் பாருங்கள்

சித்திரை, வைகாசி வெயிலில் நல்ல செடியும் நண்பகலில் சற்றுத் தொய்யும், மாலையில் நிமிர்ந்துவிடும். இது நோய் அன்று. எனவே சூரியன் ஏறுவதற்கு முன் வயலுக்குச் சென்று பார்க்க வேண்டும். அந்நேரத்திலும் செடி தொய்ந்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

மண்ணைப் பிடித்துப் பாருங்கள்

மேல் மண் காய்ந்திருப்பதை வைத்து முடிவு செய்யக் கூடாது. செடியின் அருகே அரை அடி ஆழம் தோண்டி, ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து அழுத்துங்கள். உருண்டை பிடிக்காமல் உதிர்ந்தால் செடிக்குத் தாகம் என்று பொருள். காலையிலோ மாலையிலோ அளவாகப் பாய்ச்சி, செடியைச் சுற்றி வைக்கோல் அல்லது சருகு பரப்பினால் பயிர் மீண்டுவிடும்.

மண் சேறாக ஒட்டினால் நிலைமை வேறு. ஐப்பசி, கார்த்திகை மழையில் களிமண் நிலங்களில் இது அடிக்கடி நேரும். மண்ணிடுக்குகளில் நீர் நிறைந்து காற்று வெளியேறிவிடுவதால் வேர் மூச்சுத் திணறி, நீரை உறிஞ்சும் திறனை இழக்கிறது. நீரில் நின்றுகொண்டே செடி வாடுகிறது. உடனே வடிகால் வெட்டித் தேங்கிய நீரை வெளியேற்றுங்கள். மண் பொருபொருப்பானதும் வேர் அறுபடாமல் மேலாகக் கொத்திவிடுங்கள். புதுவேர் விடும் வரை செடிக்கு ஊட்டம் கிடைக்க, 10 லிட்டர் தண்ணீரில் 100 கிராம் யூரியாவைக் கரைத்து மாலையில் இலைகளில் தெளிக்கலாம்.

உரமிட்ட சில நாட்களில் இலையோரம் கருகிச் செடி வாடினால், உரம் தண்டை ஒட்டி விழுந்திருக்கலாம். ஒரு முறை நன்றாகப் பாய்ச்சி நீரை வடித்துவிடுங்கள். அடுத்த முறை தண்டிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி உரமிட்டு மண் அணையுங்கள்.

ஒரு செடியைப் பிடுங்குங்கள்

மண்ணில் ஈரம் அளவாக இருந்தும் செடி வாடினால், ஒரு செடியை இழக்கத் தயங்கக் கூடாது. மண்வெட்டியால் சுற்றிலும் பெயர்த்து வேருடன் எடுத்து, தண்ணீரில் அலசிப் பாருங்கள்.

வேர்களில் முண்டும் முடிச்சுமாகத் தென்பட்டால் அது வேர்முடிச்சு நூற்புழு. உளுந்து, நிலக்கடலை வேரிலுள்ள நன்மை தரும் முடிச்சுகளைத் தேய்த்தால் உதிர்ந்துவிடும். நூற்புழு முடிச்சுகளோ வேரே வீங்கியவை, உதிராது. நூற்புழு துளைத்த காயங்களின் வழியே வாடல் நோய்க் கிருமிகளும் எளிதில் நுழைகின்றன. இத்தகைய நிலத்தில் கோடை உழவு செய்து, அடுத்த நடவுக்கு முன் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் பிண்ணாக்கு இட வேண்டும். ஒரு போகம் செண்டுமல்லி பயிரிடுவதும் நல்ல பலன் தரும்; பூ விற்பனையால் வருவாயும் கிடைக்கும்.

வேர் கடிபட்டிருந்தால் வேர்ப்புழுவோ கரையானோ காரணமாகும். மக்காத சாணத்தை இடுவது இவற்றுக்கு விருந்து வைப்பது போலாகும். நன்கு மக்கிய தொழு உரத்தையே இட வேண்டும்.

தண்டை வெட்டிப் பாருங்கள்

வேர் நன்றாக இருந்தால் அடித்தண்டைக் கத்தியால் வெட்டுங்கள். இரண்டு, மூன்று அங்குலத் துண்டு ஒன்றைக் கண்ணாடித் தம்ளரில் உள்ள தெளிந்த நீரில், முனை மட்டும் நனையும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால் போன்ற வெண்ணிற இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல். இலைகள் மஞ்சளாகாமல் பச்சையாக இருக்கும்போதே ஓரிரு நாட்களில் செடி முழுவதும் சாய்வது இதன் அடையாளம். இந்நோயை அமெரிக்க அறிஞர் எர்வின் ஸ்மித் 1896இல் தக்காளி, கத்தரி, உருளைக்கிழங்குப் பயிர்களில் விளக்கி எழுதினார். தாக்கப்பட்ட செடியைக் குணப்படுத்தும் மருந்து இன்றளவும் இல்லை.

பால் இழை இறங்காமல், அடி இலைகள் முதலில் மஞ்சளாகி, தண்டை நீளவாக்கில் பிளந்தால் உள்ளே பழுப்புக் கோடுகள் தெரிந்தால் அது பெரும்பாலும் ஃபுசேரியம் என்னும் பூசண வாடல். இது மெதுவாகப் பரவும். தக்காளியில் செடியின் ஒரு பக்கம் மட்டும் முதலில் வாடுவதும் உண்டு.

நுனி மட்டும் தொங்கினால்

கத்தரியில் செடி நலமாக இருந்து, இளந்தண்டின் நுனி மட்டும் தொங்கினால் அது தண்டு மற்றும் காய்த் துளைப்பானின் வேலை. துளைக்குக் கீழே தண்டைக் கிள்ளி எடுத்து, உள்ளேயிருக்கும் புழுவுடன் அழித்துவிடுங்கள். வாரம் தவறாமல் இதைச் செய்து, ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறிகளும் வைத்தால் மருந்துச் செலவு குறையும். பக்கக் கிளைகள் துளிர்த்துச் செடி மீண்டும் காய்க்கும்.

பிழைக்கும் செடி, பிழைக்காத செடி

காய்ச்சலாலும், நீர்த் தேக்கத்தாலும், உரச் சூட்டாலும் வாடிய செடிகளைத் தொடக்கத்திலேயே கவனித்தால் மீட்டுவிடலாம். பாக்டீரியா வாடலும் பூசண வாடலும் கண்ட செடிகளுக்கு மருந்தடிப்பது வீண் செலவு. அவற்றை வேர் மண்ணுடன் சாக்கில் போட்டு வெளியே கொண்டுசென்று எரித்துவிடுங்கள், எருக்குழியில் போடாதீர்கள். அந்தப் பாத்தியின் தண்ணீர் மற்றப் பாத்திகளுக்குப் போகாதவாறு வரப்பை அடையுங்கள். அங்கே பயன்படுத்திய மண்வெட்டியையும் கத்தியையும் கழுவிய பின்னரே அடுத்த பாத்திக்குக் கொண்டுசெல்லுங்கள்.

இத்தகைய நிலத்தில் குறைந்தது இரண்டு, மூன்று ஆண்டுகளுக்குக் கத்தரி, தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு பயிரிடாமல், நெல், ராகி, மக்காச்சோளம் போன்றவற்றை மாற்றிப் பயிரிடுவது நலம். கத்தரியே வேண்டும் என்போர் சுண்டைக்காய் வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டிய நாற்றுகளை நடலாம். இவை வாடலையும் நூற்புழுவையும் பெருமளவு தாங்குகின்றன. பூசண வாடலைத் தடுக்க, ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதைக்க வேண்டும். நடவின்போது ஏக்கருக்கு ஒரு கிலோ டிரைக்கோடெர்மாவை 20 கிலோ மக்கிய தொழு உரத்துடன் கலந்து இட வேண்டும்.

காரணம் பிடிபடவில்லையானால், உதிர்ந்த இலையை மட்டும் கொண்டுவந்து காட்டிப் பயனில்லை. வாடத் தொடங்கிய செடி ஒன்றை வேருடனும் மண்ணுடனும் பையிலிட்டு, அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ தோட்டக்கலை அலுவலகத்துக்கோ அன்றைய தினமே எடுத்துச் செல்லுங்கள். கடைசியாக எப்போது தண்ணீர் பாய்ச்சினீர்கள், என்ன உரமிட்டீர்கள், சென்ற ஆண்டு அந்த நிலத்தில் என்ன பயிர் இருந்தது என்பதையும் சொல்லுங்கள். விடை பெரும்பாலும் இவற்றிலேயே கிடைத்துவிடும்.