காசுக்குப் பிடிப்பவன் நல்லவனா?

அமெரிக்காவில் 1958 முதல் 1961 வரை ஒளிபரப்பான கருப்பு வெள்ளைத் தொடர் 'வான்டட்: டெட் ஆர் அலைவ்'. 'தேவை: உயிருடனோ, பிணமாகவோ' என்று பொருள். மொத்தம் 94 பகுதிகள், ஒவ்வொன்றும் அரை மணி நேரம்தான். ஸ்டீவ் மெக்வீன் நடித்த ஜோஷ் ராண்டல், தேடப்படும் குற்றவாளிகளைப் பிடித்துக் கொடுத்துப் பரிசுப் பணம் வாங்குபவன். குட்டையாக வெட்டிய ரைஃபிளை இடுப்பில் மாட்டியிருப்பான்.

"காசுக்காக ஆள் பிடிக்கிறவன் எப்படி ஹீரோ?" என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனா, பிடிபட்டவன் தப்பு செய்யலைன்னு தோணினா, பரிசை விட்டுட்டு உண்மையைத் தேடுவான். சில நேரம் கிடைத்த பணத்தையும் கஷ்டப்படுறவங்களுக்கே கொடுத்துடுவான். அதனால்தான் அவனை எனக்குப் பிடித்தது.

சுவரொட்டியில் பெயர் வந்துட்டா மட்டும் ஒருத்தர் குற்றவாளி ஆகிவிட மாட்டார். வகுப்பில் பேனா காணாமல் போனால், விரல் நீட்டும் முன் நாமும் விசாரிப்போமா?