சான்றிதழ் கையில் இருக்கிறது, வேலை தெரிகிறதா?

ஆயக்குடி என்றதும் பலருக்குக் கொய்யா நினைவுக்கு வரும். போட்டித் தேர்வு எழுதுகிறவர்களுக்கோ, வார இறுதியில் மரத்தடியில் நடக்கும் இலவசப் பயிற்சி வகுப்பு நினைவுக்கு வரும். வெளி மாவட்டங்களிலிருந்தும் இளைஞர்கள் அங்கே வருகிறார்கள். அப்படிப்பட்ட வகுப்பின் தரத்தைத் தெரிந்துகொள்வது எளிது. தேர்வாணையம் வெளியிடும் முடிவே சொல்லிவிடும்.

டிஜிட்டல் பயிற்சி அப்படி இல்லை. சில இடங்களில் பாடம் நடத்துகிறவரே தேர்வும் வைத்து, சான்றிதழும் கொடுத்துவிடுகிறார். அப்புறம் தரத்தை எப்படித்தான் கண்டுபிடிப்பது?

ஒரு பெரிய திட்டத்தைப் பார்ப்போம். 2017-ல் தொடங்கியது பிரதமரின் கிராமப்புற டிஜிட்டல் எழுத்தறிவு இயக்கம். 14 முதல் 60 வயது வரை, வீட்டுக்கு ஒருவர், 20 மணி நேரப் பயிற்சி, கட்டணம் கிடையாது. தேர்வை வெளி நிறுவனங்கள் நடத்தின. இலக்கு 6 கோடி பேர். 2024 மார்ச்சில் திட்டம் முடிந்தபோது சுமார் 6.39 கோடி பேர் பயிற்சி பெற்றிருந்தார்கள். தேர்ச்சி பெற்றுச் சான்றிதழ் வாங்கியவர்கள் சுமார் 4.78 கோடி. ‘பயிற்சி பெற்றவர்’ வேறு, ‘தேறியவர்’ வேறு என்பது இதிலேயே தெரிகிறது. தேறியவர்களில் எத்தனை பேர் இன்று அடுத்தவர் உதவி இல்லாமல் பட்டா எடுக்கிறார்கள் என்பதை இந்த எண்கள் சொல்லாது. உங்களுக்குத் தேவையான பதில் அதுதான்.

பயிற்சியை மதிப்பிட அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-ல் நான்கு படிகளைச் சொன்னார். அதை நம் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள்.

1. பிடித்திருந்ததா? ‘சார் நல்லா நடத்தினார்’ என்பது இந்தப் படி. பல வகுப்புகளில் கருத்துப் படிவம் இதோடு நின்றுவிடும்.

2. கற்றுக்கொண்டாரா? முதல் நாளும் கடைசி நாளும் ஒரே வேலையைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். உதாரணமாக, அரசு இணையதளத்தில் தன் நிலத்தின் பட்டாவைத் தேடி எடுப்பது. முதல் நாள் சோதிக்காவிட்டால், கடைசி நாளில் தெரிவது வகுப்பில் கற்றதா, முன்பே தெரிந்ததா என்று பிரிக்க முடியாது.

3. வீட்டில் பயன்படுத்துகிறாரா? ஒரு மாதம் கழித்துக் கேளுங்கள். இன்னமும் போனை யாரிடமாவது நீட்டி, ‘தம்பி, ஓடிபி வந்திருக்கு, நீயே போட்டுடு’ என்கிறாரா? அப்படியானால் பயிற்சி வகுப்போடு நின்றுவிட்டது.

4. பலன் கிடைத்ததா? சான்றிதழுக்கோ உதவித்தொகைக்கோ விண்ணப்பிக்க அலையும் அலைச்சல் குறைந்ததா?

மூன்றாவது படியில்தான் பணமே இருக்கிறது. ஓடிபியை அடுத்தவரிடம் சொல்லும் பழக்கம் மாறாதவரின் வங்கிக் கணக்கைச் சான்றிதழ் காப்பாற்றாது.

தகவல் தேடும் திறனும் இதே பாடம்தான். தேடலில் முதலில் வந்து நிற்பது விளம்பரமாக இருக்கலாம். முகவரி ‘ஜிஓவி டாட் இன்’ என்று முடிகிறதா, அறிவிப்பில் தேதி இருக்கிறதா, அதே செய்தி துறையின் சொந்தத் தளத்திலும் உள்ளதா என்று சரிபார்க்கக் கற்றுத் தராத வகுப்பு அரைகுறை வகுப்பே.

சேருவதற்கு முன் பயிற்சி மையத்தில் இவற்றைக் கேளுங்கள்:

• ஒரு கணினிக்கு எத்தனை பேர்? என் போனிலேயே பழகலாமா?
• பாடமும் கேள்வித்தாளும் தமிழில் உண்டா?
• தேர்வை நடத்துவது யார்?
• மோசடி அழைப்பு வந்தால் என்ன செய்வது என்று சொல்லித் தருவீர்களா?
• பயிற்சி முடிந்த பிறகு சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது?
• ஏற்கெனவே படித்த இரண்டு பேரிடம் பேசலாமா?

கடைசிக் கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள். படித்தவரிடம் ‘சான்றிதழ் கொடுத்தாங்களா?’ என்று கேட்க வேண்டாம். ‘இப்போ நீங்களே என்னென்ன செய்றீங்க?’ என்று கேளுங்கள்.

இணைய மோசடியில் பணம் போனால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள். இந்த எண் நீங்கள் படித்த வகுப்பில் சொல்லப்பட்டதா என்பதும் அந்த வகுப்பின் தரத்துக்கு ஓர் அளவுகோல்தான்.